மல்லிகைப் பற்றையை எப்போது வெட்டுவது, எப்படி வெட்டுவது? மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கான கேள்வி பதில்

மார்கழி மழை கொஞ்சம் விட்டதும் மல்லிகை வைத்திருக்கிறவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, வெட்டினால் பட்டுப்போகுமா, ஏன் இலை மட்டும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மற்றப் பதிலில் திரும்பச் சொல்லாததால், முதல் ஆறேழு கேள்விகளையாவது வரிசையாக வாசியுங்கள்.

மல்லிகைய வெட்டத்தான் வேணுமா? அது தன்பாட்டுல பூக்காதா?

பூக்கும். ஆனால் வருடத்துக்கு வருடம் குறையும். மல்லிகை மொட்டுப் பிடிப்பது பழைய தடியில் அல்ல. அந்தப் பருவத்தில் புதிதாக வந்த தளிரின் நுனியிலும், அதன் பக்கத் தளிர்களின் நுனியிலும்தான். ஒருமுறை பூத்து முடிந்த நுனி மறுபடி பூக்காது. அதற்குக் கீழே உள்ள கணுவிலிருந்து இன்னொரு தளிர் வந்தால்தான் அடுத்த பூ.

வெட்டாமல் விட்ட பற்றையை விலக்கிப் பாருங்கள். உள்ளே முழுக்கக் காய்ந்த குச்சியும் விறகுபோன்ற தண்டும் இருக்கும், பச்சை என்பது வெளியே ஒரு சாண் அளவுக்குத்தான். வெயிலும் காற்றும் உள்ளே போகாததால் உள்கணுக்கள் தூங்குகின்றன. வெட்டுவது அந்தக் கணுக்களை எழுப்புவதற்காகத்தான். தளிர் எத்தனையோ அத்தனை நுனி, நுனி எத்தனையோ அத்தனை கொத்து மொட்டு.

அப்ப எந்த மாசம் வெட்டுற?

பெரிய வெட்டு வருடத்தில் ஒருமுறை. எங்கள் பகுதிக்கு அது ஜனவரி கடைசிக் கிழமையிலிருந்து பெப்ரவரி முடிவதற்குள். தைப்பொங்கல் கழிந்து, அடைமழை விட்டு, நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் கத்தியைத் தீட்டலாம். சிவராத்திரிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாகக் கிடைக்கின்றன. மண்ணுக்குள் மாரியின் ஈரம் இன்னும் இருக்கிறது. மேலே வெயில் கூடிக்கொண்டு போகிறது. வறண்ட கச்சான் காற்று தொடங்க இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. தளிர் வந்து முற்றி மொட்டு வைக்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஆகவே சித்திரைக் கடைசியில் முதல் மொட்டுகள் தெரியும், வைகாசியில் பற்றை நிறையப் பூக்கும். கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கிற காலமும் அதுதான். பூவின் தேவை கூடிய நேரத்தில் சொந்த வளவிலேயே பூ இருக்கும்.

யூடியூப்புல கார்த்திகைக்குள்ள வெட்டணும் எண்டு சொல்றாங்களே? யார் சொல்றது சரி?

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. அவர்கள் சொல்வது பிழையில்லை, அது அவர்களுடைய ஊருக்குச் சரி. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டு மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டச் சொல்கிறது. மதுரைப் பக்கம் மழை ஒக்டோபரிலும் நவம்பரிலும் கூடுதலாகப் பெய்து, டிசம்பரில் குறைந்துவிடும். மழை ஓய்ந்த மண், முன்னால் வெயில் காலம் என்ற கணக்கு அங்கே நவம்பர் கடைசியில் பொருந்துகிறது.

எங்களுக்கு அப்படியில்லை. மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது, டிசம்பர்தான் உச்சம். இங்கே நவம்பர் கடைசியில் மொட்டையடித்த பற்றைக்கு என்ன நடக்கிறது என்பதை நான் பல வளவுகளில் பார்த்திருக்கிறேன். வெட்டுவாய் காய்வதற்கு ஒரு நாள் வெயில்கூடக் கிடைப்பதில்லை. நுனி கறுத்து, அந்தக் கறுப்பு கீழே கீழே இறங்கி, கொப்பே பட்டுப்போகிறது. தப்பி வரும் தளிர் மப்பு வெளிச்சத்தில் நெட்டையாகவும் மெலிந்தும் நீள்கிறது. போட்ட பசளையை மணல் தரையில் மழை கழுவிக்கொண்டு போகிறது. படுவான்கரைப் பக்கம், வயலை ஒட்டிய களி மண்ணில் என்றால் வேரடியில் தண்ணீர் வேறு நிற்கும். இலை இல்லாத மரத்துக்கு அந்தத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் வலுவும் இல்லை.

ஆகவே காணொளியில் எப்படி வெட்டுகிறார்கள் என்பதைத் தாராளமாகப் பாருங்கள். தேதியை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

மாரிக்கு முதலே, புரட்டாசியில வெட்டிப்போட்டா மழைக்கு நல்லா தளுக்கும்தானே?

தளிர்க்கும், அதுதான் பிரச்சினை. மழைக்கு வரும் தளிர் முழுவதும் இலையாகப் போகும். மல்லிகைக்கு மொட்டு வைக்கச் சூடும் நல்ல வெயிலும் வேண்டும், மார்கழியில் இரண்டும் கிடைக்காது. பிறகு தையில் அதே தளிரைத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். மரம் சேர்த்துவைத்த வலு ஒருமுறை வீணாகப் போகிறது.

மாரிக்கு முன் செய்யக்கூடியது வேறு. பந்தலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெடுங்கொடிகளைக் குறைத்து, மற்றதைக் கட்டிவிடுங்கள். எங்கள் கரைக்குப் புயல் வருவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியை இன்றைக்கும் பெரியவர்கள் மறக்கவில்லை. காற்றில் கொடி முறுக்கிக் கிழிந்தால் அது வெட்டுவாயைவிட மோசமான காயம். காய்ந்த குச்சிகளை எந்த மாதமும் எடுக்கலாம்.

எவ்வளவு வெட்டணும்? முழங்கால் அளவுக்கு வெட்டச் சொன்னாங்க, எனக்குப் பயமா இரிக்கு.

முழங்கால் அளவு என்பது சரியான அளவுதான். நிலத்திலிருந்து ஒன்றரை அடி, அதாவது 45 முதல் 50 சென்ரிமீற்றர். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட, வேர் நன்றாக ஓடிய, வருடாவருடம் வெட்டிப் பழகிய பற்றைக்கு அந்த வெட்டு ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று கிழமையில் தண்டெல்லாம் பச்சைப் புள்ளி புள்ளியாக வெடித்து வரும்.

ஆனால் இதை எல்லா மரத்துக்கும் செய்யாதீர்கள். இரண்டு வருடத்துக்கு உட்பட்ட கன்றுக்கு நுனியைக் கிள்ளிவிடுவதே போதும், அது இன்னும் உடம்பு பிடிக்க வேண்டிய வயது. பல வருடம் கத்தியே படாத பெரிய பற்றையை ஒரேயடியாக முழங்காலுக்கு இறக்க வேண்டாம். இந்த வருடம் பாதி உயரம், அடுத்த வருடம் மிச்சம். பந்தலில் ஏற்றியிருக்கிறவர்கள் பிரதான தண்டுகளில் நாலைந்தை விட்டுவிட்டு, அவற்றிலிருந்து கிளைத்த கொடிகளை இரண்டு மூன்று கணு மட்டும் மிஞ்சும்படி வெட்டினால் பந்தலும் போகாது, புதுத் தளிரும் வரும்.

சரி, எங்க இருந்து தொடங்குற? எந்தக் கொப்ப எடுக்குற, எத விடுற?

முதலில் காய்ந்தது, பூச்சி அரித்தது, கறுத்தது எல்லாம் அடியோடு எடுக்கவும். அடுத்ததாக ஒன்றையொன்று உரசுகிற கொப்புகளில் மெலிந்ததை எடுக்கவும். பிறகு நிலத்தில் படர்ந்து கிடப்பவை. அதில் வேர் விட்டிருந்தால் எறியாமல் ஒரு பக்கம் வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உயரத்தைக் குறைக்க வேண்டும். நேரே உச்சியில் தொடங்கினால் எது நல்ல தண்டு, எது கெட்டது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மொட்டையாகிவிடும்.

ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்கு மேலே கால் அங்குலம் தள்ளிச் சாய்வாக இருக்கட்டும். கணு பற்றைக்கு வெளிப்பக்கம் பார்த்ததாக இருந்தால் நல்லது, தளிர் வெளியே விரியும், நடு திறந்திருக்கும். கணுவுக்கு மேல் நீளமாகக் குச்சி விட்டால் அது காய்ந்து கீழே இழுக்கும். பென்சிலைவிட மெல்லிய கொப்புக்குச் செடி வெட்டும் கத்தரிக்கோல் போதும், விரல் பருமனுக்கு மேலே சின்ன வாள். காட்டுக்கத்தியால் கொத்துவதை மட்டும் செய்யாதீர்கள். தண்டு பிளந்து, பிளவுக்குள் தண்ணீர் போய் அழுகும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

வெட்ட முதல் தண்ணி மறிக்கணுமாமே?

ஒரு கிழமை, பத்து நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் வளர்ச்சி ஓய்ந்து, வெட்டியதும் ஒரே சீராகத் தளிர்க்கும். மாரி முடிந்த கையோடு வெட்டுகிறவர்களுக்கு இதில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை, மழை விட்ட நாட்களே அந்த மறிப்பு. சாடியில் வைத்திருப்பவர்கள் நாலைந்து நாளுக்கு மேல் காயவிட வேண்டாம்.

வெட்டின இடத்துல மஞ்சளோ சாணியோ பூசணுமா?

தேவையில்லை. காலையில் பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள், அன்றைய வெயிலே காயத்தை மூடிவிடும். பெருவிரல் பருமனான பழைய தண்டை வெட்டியிருந்தால் மட்டும் செம்பு கலந்த பூஞ்சண மருந்தைக் குழைத்துப் பூசலாம். ஈரச் சாணியை அப்பினால் காய வேண்டிய வாய் ஈரமாகவே கிடக்கும்.

வெட்டினாப் பிறகு என்ன பசளை? எப்ப தண்ணி?

வெட்டிய அன்றே தண்டிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிவர மண்ணை மெதுவாகக் கொத்தி, நன்றாக உக்கிய மாட்டெரு போடுங்கள். வளர்ந்த பற்றைக்கு ஏறக்குறைய 10 கிலோ. பச்சைச் சாணி கூடாது. எலும்புத் தூளோ அடுப்புச் சாம்பலோ ஒரு கைப்பிடி சேர்த்தால் நல்லது. பிறகு அடி நனைய ஒரு தண்ணீர். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது, ஆகவே தளிர் வரும்வரை மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். தளிர் ஒரு சாண் ஆனதும் தண்ணீரைக் கூட்டவும். கடலோர மணலில், கல்முனை, காரைதீவு, காத்தான்குடிப் பக்கம், ஒன்றுவிட்டு ஒருநாள்; உள்ளே களிச்சாயல் மண்ணில் கிழமைக்கு இரண்டு தரம்.

மணல் தரைக்காரர்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அடியில் சருகோ வைக்கோலோ பரப்புங்கள், இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் மணல் சுடும். கறையான் வராமல் இருக்கத் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள். மற்றது, சிப்பி ஓடு கலந்த மணலில் புதுத் தளிர் நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வரும். அது இரும்புச் சத்துக் குறை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்புச் சல்பேற்று கரைத்து, வெயில் தாழ்ந்த நேரம் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

வெட்டி ரெண்டு மாசமாச்சு, இலை நல்லா அடர்த்தியா வந்திரிக்கு. ஒரு மொட்டும் இல்ல.

பெப்ரவரியில் வெட்டியிருந்தால் இரண்டு மாதத்தில் பதற்றம் வேண்டாம், மேலே சொன்ன இரண்டரை மாதக் கணக்கைப் பாருங்கள். அதையும் தாண்டினால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். முதலாவது நிழல். நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேர் வெயில் படாத மல்லிகை இலைதான் போடும். வைக்கும்போது வெயிலாக இருந்த இடம், பக்கத்து மாமரம் வளர்ந்ததால் நிழலாகியிருக்கும். இரண்டாவது யூரியா. வயலுக்கு வாங்கியதில் மிஞ்சியதை மல்லிகைக்கு எறிவது எங்கள் ஊர் வழக்கம். கரும்பச்சை இலையும் நீண்ட கணுவிடையும் கண்டால் காரணம் அதுதான். நிறுத்திவிடுங்கள். மூன்றாவது அதிகத் தண்ணீர். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் மல்லிகை நட்டிருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

நீண்டுகொண்டே போகும் தளிரின் நுனியை இரண்டு கணு கிள்ளிவிட்டு, ஐந்தாறு நாள் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். பக்கத் தளிர் வெடித்து, ஒன்று ஒன்றரை மாதத்தில் மொட்டு வரும்.

வைகாசிப் பூ முடிஞ்சுது. திரும்பவும் அதே மாதிரி வெட்டினா ஆவணிக்குப் பூக்குமா?

அதே மாதிரி வெட்டக்கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும். தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வருகிற அந்தக் காற்றில் ஈரமே இருக்காது, இலையெல்லாம் முறுகும். அந்த நேரம் முழங்காலுக்கு வெட்டினால் தண்டின் தோலே வெயிலில் வெடிக்கும். கிணறும் கீழே போயிருக்கும், கடலோரத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியிருக்கும்.

செய்யவேண்டியது மெல்லிய வெட்டு. பூத்து முடிந்த கொத்தை அதற்குக் கீழே இரண்டு மூன்று கணுவோடு சேர்த்து எடுங்கள். பூப்பறிக்கும்போதே கையோடு செய்துவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படி எடுத்துவந்தால் புரட்டாசி வரையிலும் விட்டுவிட்டுப் பூ கிடைக்கும்.

ஆனி நடுவுல மகள்ற கலியாணம். அந்த நேரம் நிறையப் பூக்கணும், எப்ப வெட்டணும்?

பின்னுக்கிருந்து எண்ணுங்கள். ஆனி நடு என்றால் ஜூன் கடைசி. பெரிய வெட்டைப் பெப்ரவரியில் செய்துவிடுங்கள், அதைப் பிந்தவிட வேண்டாம். முதல் பூச்சுற்று மே மாதம் வரும். மே நடுப்பகுதியில், கலியாணத்துக்கு ஐந்து ஆறு கிழமைக்கு முன், பூத்த நுனிகளை மேலே சொன்ன மெல்லிய வெட்டாக ஒரே நாளில் முழுப் பற்றையிலும் எடுத்து, எருவும் தண்ணீரும் கொடுங்கள். இரண்டாவது சுற்று ஏறக்குறைய அந்த நாட்களில் விழும். கிழமைக்கணக்கில் முன்பின் ஆகும், ஆகவே இரண்டு பற்றை இருந்தால் ஒன்றை ஒரு கிழமை பிந்தி வெட்டுங்கள்.

அடுக்கு மல்லிகை, பிச்சி எல்லாத்துக்கும் இதே கணக்கா?

பிச்சிக்கு இதே நேரம், இதே அளவு. அடுக்கு மல்லிகை மெதுவாக வளரும் இனம், அதை முழங்காலுக்கு இறக்கினால் அந்த வருடம் பூவே பார்க்காமல் போகலாம். மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறையுங்கள்.

சாடி மல்லிகைக்கும் மூன்றில் ஒன்று முதல் பாதிவரைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெட்டும் நாளிலேயே சாடியிலிருந்து கழற்றி, சுற்றிச் சுருண்ட வெளிவேரை ஓரங்குலம் சீவி, புது மண்ணும் கூட்டெருவும் போட்டு வையுங்கள். மேலும் கீழும் ஒன்றாகக் குறைவதால் மரம் சமாளித்துக்கொள்ளும்.

செவ்வரத்தை, போகன்வில்லா, அலரியையும் சேத்து அண்டைக்கே வெட்டிரலாமா?

செவ்வரத்தையை வெட்டலாம். அதுவும் புதுத் தளிரில் பூப்பது. மூன்றில் ஒரு பங்கு போதும். போகன்வில்லாவும் புதுக் கொப்பில்தான் பூக்கும், ஆனால் மாசியில் பலவற்றில் பூ நிறைந்திருக்கும். அந்தச் சுற்றுப் பூ உதிரட்டும், பிறகு வெட்டுங்கள்.

அலரியைப் பூத்து ஓய்ந்த பிறகு வெட்டலாம், ஆனால் கவனம் வேண்டும். அதன் இலை, தண்டு, பால் எல்லாம் நஞ்சு. கையுறை போடுங்கள். வெட்டிய கொப்பை ஆடு, மாடு வாய் வைக்கும் இடத்தில் எறியாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரி இந்தக் கணக்கில் சேராது. அதன் பூ கொப்பு நுனியில் வருவது, நுனியை வெட்டினால் அந்தப் பருவப் பூ போய்விடும். உடைந்ததை மட்டும் எடுங்கள்.

வெள்ளிக்கிழமை வெட்டக்கூடாது, தேய்பிறையிலதான் வெட்டணும் எண்டு அம்மம்மா சொல்றா.

அம்மம்மா சொல்லும் நாள் பெப்ரவரிக்குள் விழுகிறதென்றால் அப்படியே செய்யுங்கள், மரத்துக்கு நட்டமில்லை. அந்த நாளில் மழை பெய்தால் மட்டும் அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே கொட்டுது. வெட்டினது காரணமா?

இல்லை, அது பூச்சி. மொட்டைப் பிரித்துப் பாருங்கள். சிறு புழு குடைந்திருக்கும், அல்லது மொட்டின் அடி வீங்கி உள்ளே மிகச் சிறிய வெண்புழுக்கள் இருக்கும். கெட்ட மொட்டுகளைப் பறித்து, கீழே விழுந்ததையும் கூட்டி எரியுங்கள். பூச்சியின் அடுத்த தலைமுறை அடிமண்ணில்தான் உருவாகிறது. தையில் வெட்டும்போது பற்றையின் அடியை இரண்டு அங்குலம் கிளறி வெயில் காட்டுவது இதற்கும் சேர்த்துத்தான். நடு திறந்த பற்றையில் இந்தத் தொல்லை குறைவு.

வெட்டின கொப்ப எறிய மனமில்ல. நட்டா வருமா?

வரும். முற்றின தடியும் வேண்டாம், இளம்பச்சைத் தளிரும் வேண்டாம். இரண்டுக்கும் இடைப்பட்ட, நாலு கணு உள்ள துண்டாக எடுத்து, கீழ்க் கணுக்களின் இலையை நீக்கி, மணலும் கூட்டெருவும் கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். நிழலில், ஈரம் குறையாமல் வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். முன்பு ஒரு பக்கம் வைக்கச் சொன்ன வேர்விட்ட கொடி இதைவிட நிச்சயம்.

பதினஞ்சு வருஷத்துப் பத்தை. போன வருஷம் நீங்க சொன்ன மாதிரி வெட்டியும் ஒரு கை பூதான். பிடுங்கவா?

மல்லிகை நன்றாகப் பூக்கும் காலம் ஏறக்குறைய 12 முதல் 15 வருடம். அதன் பிறகும் மரம் உயிரோடிருக்கும், பூதான் குறையும். பிடுங்குவதற்கு முன் ஒருமுறை முயன்று பாருங்கள். இந்த மாசியில் மிக முதிர்ந்த தண்டுகளில் பாதியை நிலத்திலிருந்து ஓரடியில் வாளால் அறுங்கள். மிச்சப் பாதியை வழக்கம்போல. அடியிலிருந்து புதுத் தண்டுகள் எழுந்தால் அடுத்த மாசியில் மற்றப் பாதியையும் அறுத்துவிட்டு, புதியதில் ஐந்தாறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் நிலத்தோடு கிடக்கும் ஒரு கொடியை வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள். மாரிக்குள் அது தனிக் கன்றாகிவிடும். பழையது தேறினால் வளவில் இரண்டு மல்லிகை இருக்கும். தேறாவிட்டால் ஐப்பசி முதல் மழைக்கு அந்தக் கன்றை வேறு இடத்தில் நடுங்கள், பழைய குழியில் வேண்டாம்.